கரண்டைக்கால் வீங்கியிருக்கிறது, போட்டி நெருங்குகிறது: நீந்தலாமா?

"தண்ணிக்குள்ள காலுக்கு என்ன பாரம் இருக்கு அண்ணாச்சி? அவன் பாட்டுக்கு நீந்தட்டும்." பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி என்று நம் பக்கத்தில் பிள்ளைகளைப் போட்டி நீச்சலுக்கு அனுப்பும் பெற்றோர் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வந்துவிடும். கபடி ஆடுகிற பையனுக்குக் கரண்டைக்கால் பிசகினால் அன்றைக்கே உட்கார வைக்கிறோம். ஓடுகிற பிள்ளைக்கும் அப்படியே. நீந்துகிற பிள்ளை நொண்டிக்கொண்டே வந்து நீச்சல் குளத்தில் இறங்கினால் மட்டும் யாரும் தடுப்பதில்லை. நீந்துவது கையால்தானே என்ற எண்ணம்.

இந்த எண்ணத்தில் பாதி சரி. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பவரின் பாதம் அவருடைய எடையில் ஏறக்குறையப் பாதியைத்தான் தாங்குகிறது. நெஞ்சளவில் மூன்றில் ஒரு பங்கு, கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. படுத்து நீந்தும்போது பாதத்தின் மேல் எடையே கிடையாது. எலும்பு முறிந்து தேறி வருகிறவர்களைத் தண்ணீரில் நடக்கப் பழக்குவது இதனால்தான். ஆனால் போட்டி நீச்சலில் எடை தாங்குவதைத் தவிர வேறு மூன்று வேலைகள் பாதத்துக்கு இருக்கின்றன: பந்தயம் தொடங்கும் மேடையிலிருந்து எம்புவது, சுவரை உதைத்துத் திரும்புவது, தண்ணீரை உதைப்பது. மூன்றும் மூன்று விதமாகக் காலை வருத்துகின்றன. அடிபட்டவர் நீந்தலாமா என்று மொத்தமாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. பாதத்தில் எந்த இடம், என்ன காயம், எந்த வகை நீச்சல், எத்தனை திருப்பம் என்று பிரித்துத்தான் கேட்க வேண்டும்.

முதலில் சுவர். பெற்றோர் யாரும் கணக்கில் எடுக்காத இடம் இது. 25 மீட்டர் குளத்தில் 3000 மீட்டர் பயிற்சி என்றால் 120 நீளம், 119 திருப்பம். 50 மீட்டர் குளத்தில் அதே தூரத்துக்கு 59. ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு பாதங்களின் முன்பகுதியும் சுவரில் மோதி, முழங்கால் மடங்கி, ஒரு நொடிக்குள் மொத்த உடம்பையும் எதிர்ப்பக்கம் தள்ளுகின்றன. மாடிப்படி ஏற வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பையன், குளத்தில் ஒரு மணி நேரத்துக்குள் அதே காலால் நூறு முறைக்கு மேல் எம்புகிறான். குதிங்கால் வலி இருப்பவர்களுக்கும், விரல்களுக்குப் பின்னால் இருக்கும் நீண்ட எலும்புகளில் கீறல் விட்டவர்களுக்கும் வலி கூடுவது பெரும்பாலும் இங்கேதான். நீந்தியதால் வலி கூடிவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். விசாரித்தால், இரண்டு சுவருக்கும் நடுவே நீந்தியது கெடுதல் செய்திருக்காது, சுவரில் உதைத்ததுதான் செய்திருக்கும்.

தாமிரபரணியில் நீந்தி வளர்ந்த தலைமுறைக்கு இந்தத் தொல்லை தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. குறுக்குத்துறையிலோ கல்லிடைக்குறிச்சியிலோ சேரன்மகாதேவியிலோ ஆற்றில் சுவர் கிடையாது. விசில் சத்தத்துக்குப் பாய வேண்டியதும் இல்லை. வலிக்கிற காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கையை வீசிப் போட்டே அக்கரை சேர்ந்துவிடலாம். முள் குத்திய காலோடு அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்தேன் என்று தாத்தா சொன்னால் அது நிஜமாகவே இருக்கும். ஆனால் அவருடைய நீச்சல் காலிடம் கேட்டது கொஞ்சம். பேரனுடைய நீச்சல் கேட்பது அதிகம். "தண்ணிக்குள்ள பாரம் இல்ல" என்ற நம்பிக்கை ஆற்றில் பிறந்தது. அதை அப்படியே குளத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

சுவரைத் தவிர்க்க வழி உண்டு. ஃப்ரீஸ்டைல் விதிப்படி திரும்பும்போது உடம்பின் ஏதாவது ஒரு பகுதி சுவரைத் தொட்டால் போதும். குட்டிக்கரணம் அடிக்க வேண்டும் என்றோ, இரண்டு காலாலும் தள்ள வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை. கையால் தொட்டு, நல்ல காலை மட்டும் சுவரில் ஊன்றித் தள்ளலாம். பயிற்சியில் இன்னும் சுலபம்: சுவருக்கு ஒரு மீட்டர் முன்பே தண்ணீருக்குள் திரும்பிவிடலாம். நேரம் கூடத்தான் செய்யும். காயம் ஆறும் வாரங்களில் ஸ்டாப்வாட்சைப் பார்த்து என்ன ஆகப் போகிறது?

மேடையில் வழி குறைவு. இப்போது எல்லாரும் ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே வைத்துத்தான் பாய்கிறார்கள். முன்கால் விரல்கள் மேடை விளிம்பைப் பற்றிக்கொள்கின்றன, பின்கால் முன்பாதத்தை ஊன்றி உந்துகிறது. பெருவிரலில் அடிபட்டவருக்கு அந்தக் கால் முன்னே இருந்தால் தொல்லை, கரண்டையில் அடிபட்டவருக்கு எங்கே இருந்தாலும் தொல்லை. காலை மாற்றி வைத்தால் பழக்கம் குலைந்து வழுக்கிவிடும், ஈர மேடையில் அது வேறு ஆபத்து. மாற்றுத்திறனாளிகள் போட்டிகளில் தண்ணீருக்குள் இருந்தே தொடங்க விதியில் இடம் இருக்கிறது. மற்றப் போட்டிகளில் அப்படித் தொடங்க வேண்டும் என்றால் போட்டி தொடங்குமுன்பே தலைமை நடுவரிடம் கேட்டுவிட வேண்டும். மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக் தண்ணீருக்குள் இருந்துதானே தொடங்குகிறது, அதற்கு மாறிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கேயும் இரண்டு பாதத்தையும் சுவரில் ஊன்றித்தான் பாய வேண்டும்.

இனி உதை. நம் பிள்ளைகளுக்கு அதிகம் வருவது கரண்டைக்கால் சுளுக்கு. குளத்தோரத்து ஈரத்தில் வழுக்கியோ, பள்ளி மைதானத்துக் குழியில் கால் வைத்தோ பாதம் உள்பக்கமாக மடங்கும்போது, கரண்டையின் வெளிப்பக்கத்தில் முன்னால் இருக்கும் தசைநார் இழுபட்டுக் கிழிகிறது. அந்தத் தசைநார் எப்போது விறைத்து இழுபடும்? விரல்களைக் கீழே நீட்டிப் பாதத்தை உள்நோக்கித் திருப்பும்போது. ஃப்ரீஸ்டைலிலும் பேக்ஸ்ட்ரோக்கிலும் நல்ல உதைக்குப் பாதம் இருக்க வேண்டிய நிலை இதுவேதான். "காலை நீட்டு, விரலை உள்ளே திருப்பு" என்று மாஸ்டர் கத்துகிறாரே, அந்த நிலை. ஆகவே எடையே இல்லாத தண்ணீரிலும், கிழிந்த தசைநாரை ஒவ்வொரு உதையும் அதன் பலவீனமான திசையிலேயே இழுக்கிறது. பாதத்தில் ஃபின்ஸ் என்ற ரப்பர் துடுப்பை மாட்டினால் இந்த இழுப்பு பல மடங்கு கூடும். கையில் கிக்போர்டைப் பிடித்துக்கொண்டு வெறும் உதை மட்டும் பழகுவதும் இந்தக் காலத்தில் வேண்டாம்.

நல்ல செய்தி என்னவென்றால், ஃப்ரீஸ்டைலில் முன்னே செலுத்தும் விசையில் பெரும்பங்கு கை தருவது. கால் இடுப்பை மேலே நிறுத்தி உடம்பைச் சமன்செய்கிறது. தொடைகளுக்கு நடுவே புல்பாய் என்ற மிதவையை வைத்து, கரண்டையைச் சேர்த்து ஒரு ரப்பர் வளையம் போட்டுக்கொண்டால் காலை ஆட்டாமலே முழுப் பயிற்சியும் செய்யலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தண்ணீரில் இறங்காமல் இருந்தால் மூச்சும் இதயமும் பழைய திறனை இழக்கத் தொடங்கும், தண்ணீரைப் பற்றி இழுக்கும் அந்தக் கை உணர்வும் போகும். இவ்விரண்டையும் புல்பாய் காப்பாற்றிக் கொடுக்கிறது. ஆனால் தோளைக் கவனிக்க வேண்டும். காலின் வேலையையும் சேர்த்து இழுக்கிற தோளுக்குப் பழைய தூரத்தை அப்படியே கொடுத்தால், கால் ஆறும்போது தோளில் வலி வந்து நிற்கும். உள்ளங்கையில் பேடில் என்ற தட்டை மாட்டிக்கொண்டு புல்பாய் போடுவது வளரும் பிள்ளைகளுக்கு எனக்கு அறவே பிடிக்காத பழக்கம். தூரத்தைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதுதான் முறை.

தவளைபோல உதைத்து நீந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் தனிக் கதை. இதில் கால்தான் பெரும் உந்துவிசை. மாற்றுத்திறனாளி நீச்சல் வகைப்பாட்டைப் பார்த்தாலே இது விளங்கும். உடல் குறைபாடு உள்ளவர்களை ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை மூன்றுக்கும் சேர்த்து எஸ்1 முதல் எஸ்10 வரை பிரிக்கிறார்கள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு மட்டும் எஸ்பி1 முதல் எஸ்பி9 வரை வேறு வரிசை. காலை இவ்வளவு நம்பியிருக்கும் நீச்சலை மற்றவற்றோடு ஒரே தட்டில் நிறுத்த முடியாது. உதையும் வேறு மாதிரி: பாதத்தை மேல்நோக்கி மடக்கி, வெளிப்பக்கம் திருப்பி, உள்ளங்காலாலும் உள்கரண்டையாலும் தண்ணீரை அறைய வேண்டும். உள்கரண்டையில் அடிபட்டவருக்கு இது நேரடி வேதனை.

விதியும் சேர்ந்து இடிக்கிறது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக் உதையில் இரண்டு பாதமும் வெளிநோக்கித் திரும்பியிருக்க வேண்டும், இரண்டு காலும் ஒரே நேரத்தில், ஒரே கிடைத்தளத்தில் இயங்க வேண்டும். ஒரு கரண்டை வீங்கி விறைத்திருந்தால் அந்தப் பாதம் முழுதாக வெளியே திரும்பாது. வலிக்குப் பயந்து உடம்பு தானாகவே ஒரு பக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலேயிருந்து பார்க்கிற நடுவருக்கு அது கோணல் உதை, டிஸ்குவாலிஃபை. பிள்ளைக்குத் தான் தப்பாக உதைத்ததே தெரிந்திருக்காது. வலியோடு நீந்தி, கடைசியில் ஸ்லிப்பில் நேரமும் இல்லாமல் வருவதைவிட அந்த நிகழ்விலிருந்து பெயரை எடுத்துவிடுவது எவ்வளவோ மேல். பட்டர்ஃப்ளையில் இரண்டு பாதமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டியதில்லை, மாறி மாறி அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால் அங்கே இந்த ஆபத்து குறைவு.

இந்த இடத்தில் யாராவது நத்தாலி டு டுவாவின் பெயரை எடுப்பார்கள். தென்னாப்பிரிக்க நீச்சல் வீராங்கனை, 2001இல் விபத்தில் இடது காலை இழந்தவர். அடுத்த ஆண்டே மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிச் சுற்றுக்கு வந்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 கிலோமீட்டர் திறந்தவெளி நீச்சலில் இரு காலும் உள்ளவர்களோடு போட்டியிட்டு 16ஆவதாக வந்தார். நம் நாட்டு முரளிகாந்த் பெட்கரை எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். 1965 போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த ராணுவ வீரர், 1972 ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வாங்கினார். இந்தியாவுக்குப் பாராலிம்பிக்கில் கிடைத்த முதல் தங்கம் அது. இவர்களை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் சுளுக்கு விழுந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இவர்கள் கதையைச் சொல்லி மேடையேற்றுவது தவறு. இவர்கள் ஆறாத காயத்தோடு நீந்தவில்லை. காயம் ஆறிய பிறகு, மிச்சமிருந்த உடம்புக்கு ஏற்றபடி நீச்சலைப் புதிதாகக் கட்டிக்கொண்டவர்கள். கால் இல்லாமல் வேகமாக நீந்த முடியும் என்பதற்கு அவர்கள் சாட்சி. ஆறிக்கொண்டிருக்கும் காலை உதைக்க வைக்கலாம் என்பதற்கு அவர்களைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது.

அடிபட்டது வெறும் சுளுக்கா எலும்பு முறிவா என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ள ஒரு முறை இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992இல் வகுத்தது, உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பின்பற்றுகிறார்கள். அடிபட்டதும் நாலு எட்டு நடக்க முடியவில்லை, ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் முடியவில்லை என்றால் எக்ஸ்ரே வேண்டும். கரண்டையில் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ, சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவே துருத்தும் எலும்பிலோ, உள்பக்கம் பாத வளைவின் மேலே இருக்கும் எலும்பிலோ விரலை வைத்து அழுத்தினால் வலி துடிக்கிறது என்றாலும் எக்ஸ்ரே வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுப்பதற்கு இதில் ஏதாவது ஒன்று போதும்.

இதற்கு முன்னால் நம் வீடுகளில் நடப்பது என்ன? ஆச்சி புளியும் உப்பும் கொதிக்க வைத்துப் பத்துப் போடுவாள். அதனால் பெரிய கெடுதல் இல்லை, சூடு தோலைப் பொசுக்காமல் இருந்தால். சுளுக்கு வழிக்கிறவரிடம் கூட்டிப்போய் முதல் இரண்டு நாளிலேயே அழுத்தி நீவுவதுதான் பயம். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நேரத்தில் நீவினால் வீக்கம் கூடும். எலும்பு விட்டிருந்தால் விலகிவிடும். நம் பக்கத்தில் வர்மம் தெரிந்த, கை பழகிய வைத்தியர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுத்த பிறகு யாரிடம் வேண்டுமானாலும் போகட்டும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய கட்டுக்குக் கீழே விரல்கள் மரத்துப்போனாலோ நீலம் பாய்ந்தாலோ அந்த நிமிஷமே கட்டைப் பிரிக்க வேண்டும். ரத்த ஓட்டம் நின்று காலையே இழக்கும் அளவுக்குப் போகக்கூடிய விஷயம் அது.

இன்னொரு காயம் இன்னும் ஏமாற்றும். அடி எதுவும் படாமல், ஓட்டமும் குதித்தலும் கூடியதால் பாத எலும்பில் விழும் மயிரிழைக் கீறல். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். ஒரே புள்ளியில் அழுத்தினால் வலி, ஓய்வில் குறைந்து பயிற்சியில் திரும்புகிற வலி என்றால், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று நம்பி மேடையேறக் கூடாது.

கீறல், வெட்டு, பித்தவெடிப்பில் ரத்தம், விரலிடுக்கில் சேற்றுப்புண் எல்லாம் வேறு கணக்கு. இங்கே காலின் பலம் கேள்வியே இல்லை, தோல் திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. திறந்த புண்ணோடு பொதுக் குளத்தில் இறங்குவது தனக்கும் கெடுதல், பக்கத்து லேனில் நீந்துகிறவருக்கும் கெடுதல். ஆறு என்றால் இன்னும் மோசம். படித்துறையில் பாட்டில் சில்லு கிழித்த காலை ஆற்றுத் தண்ணீரிலேயே கழுவிவிட்டு மறுபடி நீந்தப் போகும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். திருநெல்வேலி மாநகரை ஒட்டித் தாமிரபரணியில் கழிவுநீர் கலப்பது உயர் நீதிமன்றம் வரை போன வழக்கு. 2023 டிசம்பரில் வந்ததைப் போல வெள்ளம் வடிந்த வாரங்களில், எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள் நுழைய ஒரு சின்ன வெட்டு போதும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பார்த்து, புண் மூடித் தோல் சேரும்வரை கரையில் இருப்பதுதான் நல்லது.

காலையில் உடற்பயிற்சிக்காக நீந்தி, வயது வாரியான போட்டிகளுக்கும் போகிற ஐம்பது வயதுக்காரர்கள் இப்போது கூடிவிட்டார்கள். அவர்களில் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பாதம் மரத்திருந்தால் காயம் பட்டதே தெரியாது. குளத்துக்கு வருமுன்னும் போனபின்னும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் கண்ணால் பார்க்க வேண்டும், குனிய முடியாவிட்டால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். குளத்தோரத்தில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது, ரப்பர் செருப்பு தண்ணீர் விளிம்பு வரை வர வேண்டும்.

போட்டிக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு விதிகளும் உண்டு. கரண்டையில் டேப் ஒட்டி நீந்தலாம் என்று மெடிக்கலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். உலக நீச்சல் கூட்டமைப்பான வேர்ல்ட் அக்வாட்டிக்ஸின் விதி, அனுமதி இல்லாமல் உடம்பில் டேப் ஒட்டுவதை ஏற்பதில்லை. பந்தயத்துக்கு முன் வீரர்களைக் கூட்டிவைக்கும் அழைப்பு அறையில் பிய்த்தெறிய வைத்தால் பிள்ளை நிலைகுலைந்துபோகும். இரண்டாவது, குதிங்கால் வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி. 2022 ஜனவரி 1 முதல் அந்த வகை ஸ்டீராய்டை ஊசியாக எந்த இடத்தில் செலுத்தினாலும் போட்டிக் காலத்தில் தடை என்பது உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் விதி. மாநில, தேசியப் போட்டிகளுக்குப் போகிற பிள்ளை என்பதை ஊசி போடும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேடையேறுவதைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றும் இல்லை: வலி தெரியாத காலால் 119 முறை சுவரை உதைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

இவ்வளவு தெரிந்தும் பெற்றோர் அவசரப்படுவதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. முதலமைச்சர் கோப்பையோ பள்ளி மாநிலப் போட்டியோ வருஷத்துக்கு ஒருமுறை. அந்தச் சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடத்துக்கு வழி. இரண்டு பஸ் மாறி விடிகாலையில் பிள்ளையைக் குளத்துக்குக் கூட்டி வந்த அம்மாவிடம் இந்த வருஷம் விட்டுவிடுங்கள் என்று சொல்வது எளிதில்லை. அதனால்தான் முழுதாக விடுவதா, முழுதாக நீந்துவதா என்று இரண்டே வழியாகப் பார்க்க வேண்டாம் என்கிறேன்.

நிகழ்வைத் தேர்ந்தெடுப்பதிலேயே கொஞ்சம் வழி பிறக்கும். 50 மீட்டர் குளத்தில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்குத் திருப்பமே இல்லை. ஆனால் அதில் ஸ்டார்ட்தான் பாதிப் பந்தயம், உதையும் உச்ச வேகத்தில் இருக்கும். 400 மீட்டரில் உதையை வெகுவாகக் குறைத்துக் கையால் ஓட்டிவிடலாம், ஸ்டார்ட்டில் இழந்த நேரம் பெரிதாகத் தெரியாது, சுவர் மட்டும் 50 மீட்டர் குளத்தில் 7 முறையும் 25 மீட்டர் குளத்தில் 15 முறையும் வரும். கரண்டைச் சுளுக்கு ஆறிவரும் பிள்ளைக்கு நீண்ட தூரம், குதிங்கால் வலிக்காரருக்குத் திருப்பம் குறைந்த குளம் என்பது என் கணிப்பு. நாலு வகை நீச்சலும் சேர்ந்த மெட்லி நிகழ்வுகளில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் தவிர்க்க முடியாது என்பதால் அவற்றை முதலில் அடித்துவிடலாம்.

திரும்பி வரும் வரிசையும் இதே கணக்கில்தான்: முதலில் புல்பாயோடு கை, பிறகு மெல்லிய உதை, பிறகு இரண்டு காலாலும் மெதுவாகச் சுவர், அதன் பிறகு பிரெஸ்ட் ஸ்ட்ரோக், கடைசியில் மேடை. அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிங்காலைத் தூக்கித் தூக்கி இறக்கும்போது வலியும் நடுக்கமும் இல்லை என்றால் சுவருக்குப் போகலாம். அதே ஒற்றைக்காலில் தரையில் குதித்து நிலையாக நிற்க முடிந்தால் மேடைக்குப் போகலாம். ஒரு படி ஏறிய மறுநாள் காலை கரண்டை வீங்கியிருந்தால், முந்தைய படிக்கு இறங்கி இரண்டு மூன்று நாள் அங்கேயே நிற்க வேண்டும். பெயர் கொடுத்த நிகழ்விலிருந்து விலகுவதற்குப் போட்டி அமைப்பாளர்கள் ஒரு கடைசி நேரம் வைத்திருப்பார்கள். பெயர் கொடுக்கும் அன்றே அந்த நேரத்தையும் மாஸ்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.